விருந்தாளி என்ற சொல்லுக்கு மூன்று வாக்கியங்கள்

தெருவில் அவருக்குப் பெயர் அகராதி. பத்தொன்பது வருடமாக அரபு மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற தனக்கு அது பொருத்தமான பெயர்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அகராதி பிடித்த மனுஷன் என்ற அர்த்தத்தில்தான் பாதிப் பேர் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது அவர் மனைவிக்குத் தெரியும். அவள் அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அந்தச் சொல்லின் பிறப்பு வளர்ப்பு பற்றி அரை மணி நேரம் நின்று கேட்க வேண்டியிருக்கும்.

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அவருடைய பயிற்சி நிலையம். வெளிநாட்டு வேலைக்குப் போகிற செவிலியர்களும் ஓட்டுநர்களும் மின்வேலைக்காரர்களும் அங்கே படிக்க வருவார்கள். தினம் ஒரு சொல் என்பது அங்குள்ள முறை. காலை ஆறு மணிக்கு எல்லா மாணவர்களின் ஃபோனுக்கும் ஒரு தாள் போய்ச் சேரும். அதில் அன்றைய சொல், அதன் பொருள், எங்கே எப்படிப் புழங்கும் என்ற குறிப்பு, கடைசியில் மூன்று வாக்கியங்கள். மாணவர்கள் அந்த மூன்று வாக்கியங்களையும் சொந்தக் குரலில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஆசிரியர் கேட்டுத் திருத்துவார்.

அந்த மூன்று வாக்கியங்கள் விஷயத்தில் அகராதிக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். "இது பேனா, அது மேசை" என்று எழுதுகிற புத்தகங்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. உயிருள்ள வாக்கியம்தான் மனதில் நிற்கும் என்பார். உயிருக்கு அவர் எங்கே போவார்? வீட்டில் இருந்துதான் எடுப்பார். மனைவி தொலைத்த சாவி, மேல்வீட்டுக்காரரின் குறட்டை, கடன் கேட்டு வாங்கிப்போன குடையைத் திருப்பித் தராத சக ஊழியர் என்று பலரும் பெயரில்லாமல் அரபுக்குள் குடியேறியிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாது. அரபு யாருக்குத் தெரியும் என்ற தைரியம்தான்.

அந்தத் திங்கட்கிழமைச் சொல் ளைஃப். விருந்தாளி என்று பொருள். அதன் முதல் எழுத்தை எழுதிக்காட்டத் தமிழில் வழியில்லை, ளகரத்தைப் போட்டுச் சமாளிக்க வேண்டும். நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பற்களில் அழுத்திக் கனமாகச் சொல்ல வேண்டிய ஒலி அது. பன்மை ளுயூஃப். விருந்தோம்பலுக்கு ளியாஃபா. விமானத்தில் தண்ணீர் கொண்டுவந்து தரும் பெண்ணுக்கு முளீஃபா. இவ்வளவையும் ஒழுங்காக எழுதிவிட்டு அகராதி வாக்கியங்களுக்கு வந்தார்.

வந்த நேரம் சரியில்லை. அப்போது அவர் குளியலறையில் இருந்தார்.

குளிக்க இல்லை, வேலை பார்க்க. கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மடிக்கணினியை மடியில் வைத்து, எதிரொலி கேட்காமலிருக்க நாலு பக்கமும் துண்டுகளைத் தொங்கவிட்டு அவர் பாடம் பதிவு செய்துகொண்டிருந்தார். பதினோரு மாதமாக இதுதான் அவருடைய அலுவலகம். அதற்கு முன்னால் முன்னறையில் அவருக்கு மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, சாத்திக்கொள்ளக் கதவு எல்லாம் இருந்தன. இப்போது அந்த அறையில் மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஒரு கட்டடத்தில் வேலை செய்யும்போது மேலேயிருந்து இரும்புச்சட்டம் சரிந்து வலது தோளைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பிய பிறகு, "மூணு நாள் இருந்துட்டுப் போயிடறேன் மாப்பிள்ளை" என்று ஒரு பையோடு வந்தார். கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. ஒற்றைக் கை லிஃப்ட்காரரை யார் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள்? மூன்று நாள் முப்பதாகி, முந்நூறையும் தாண்டியது.

ஆள் நல்லவர். அதுதான் அகராதிக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம். மச்சான் கிரிக்கெட் பார்த்துக் கூரை அதிரச் சிரிப்பார். சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவார். குழாய் ஒழுகினால் இடது கையாலேயே கழற்றி மாட்டுவார், மாட்டும்போது பாடுவார். அன்றைக்கும் அகராதி நான்காவது முறையாகப் பதிவை ஆரம்பித்து, "ளைஃப் என்றால்..." என்று வாயைத் திறந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"மாப்பிள்ளை, ரொம்ப நேரமாகுமா? எனக்குக் கொஞ்சம் அவசரம்."

அகராதி எழுந்து, துண்டுகளை உருவி, வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் அந்த மூன்று வாக்கியங்களும் பிறந்தன.

விருந்தாளி மூன்று நாளைக்கு என்று வந்தார். பதினோரு மாதம் ஆகியும் விருந்தாளி போகவில்லை. வீட்டுக்காரர் குளியலறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்.

எழுதி முடித்ததும் அவருக்குத் தீராத அரிப்பைச் சொறிந்துவிட்ட சுகம். தானாகவே சிரித்துக்கொண்டார். பொத்தானை அழுத்த, வழக்கம்போலத் தமிழ் அர்த்தத்தோடு தாள் அறுபத்து மூன்று பேருக்குப் போனது.

வாக்கியங்கள் பிய்த்துக்கொண்டு ஓடின. சிரிக்கும் முகங்களாக வந்து குவிந்தன. வகுப்பில் ஒரு செவிலியர் எழுந்து, "சார், யாரு சார் அந்த விருந்தாளி?" என்று கேட்டாள். "கற்பனைம்மா" என்றார் அகராதி, ஆனால் உண்மை என்று எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சிரிப்பையும் சேர்த்துவிட்டார். வகுப்பே கைதட்டியது. அவர் மிகவும் சந்தோஷமாகப் படியிறங்கினார்.

வீட்டிலும் சந்தோஷம் காத்திருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து மச்சானிடம் ஒரு மாற்றம். தொலைக்காட்சி சத்தத்தைக் காணோம். மெத்தை காலையிலேயே சுருட்டப்பட்டு மூலையில் நின்றது. கட்டிலில் சாய்ந்துகிடப்பவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், கூப்பிடாவிட்டால் வரவில்லை. புதன்கிழமை ஃப்ரிட்ஜ் கதவில் கை வைத்தபடி, "மாப்பிள்ளை, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுத்துக்குங்க மச்சான்" என்றார் அகராதி, பெரிய மனதோடு.

அன்று மனைவியிடம், "உங்கண்ணனுக்கு இப்பதான் வீட்டுல எப்படி இருக்கணும்னு தெரிஞ்சிருக்கு, பாத்தியா?" என்று வேறு சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு சட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

வெள்ளிக்கிழமை பதிவுகளைத் திருத்துகிற நாள். முதல் நிலை மாணவர்களின் பதிவுகளை உதவி ஆசிரியை கேட்பாள், இரண்டாம் நிலை அகராதியுடையது. அந்த வாரம்தான் ஒரு புதுக் குழு இரண்டாம் நிலைக்கு ஏறி அவரிடம் வந்திருந்தது. "நாற்பத்தொண்ணாம் நம்பரைப் பாருங்க சார், நல்லாப் படிக்கிறாரு" என்று உதவி ஆசிரியை சொல்லியிருந்தாள். பதிவுகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் காது ஓரவஞ்சனை செய்யும் என்று அகராதியே கொண்டுவந்த விதி அது.

வாளிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தள்ளினார். முப்பதைத் தாண்டும்போது காது மட்டும்தான் வேலை செய்யும், மனது எங்கோ போய்விடும். நாற்பத்தொன்று வந்தது. தாழ்ந்த ஆண்குரல், எழுத்தெழுத்தாகத் தடவிப் படித்தது. தெரியாத பாஷையில் தடுமாறும்போது எல்லோர் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. மூன்று வாக்கியத்திலும் பிழையில்லை, ஆனால் விருந்தாளி என்ற சொல்லில் மட்டும் அந்த முதல் எழுத்து போதிய கனமில்லாமல் வழுக்கியது. அகராதி வழக்கம்போலத் தன் திருத்தத்தைப் பதிவு செய்தார்.

"நாற்பத்தொன்று. நன்று. ஆனால் 'விருந்தாளி'யில் அழுத்தம் போதவில்லை. நாக்கின் ஓரம் பல்லில் படட்டும். 'பதினோரு மாதம் ஆகியும் விருந்தாளி போகவில்லை.' இந்த வாக்கியத்தை மட்டும் மூன்று தடவை சொல்லி அனுப்புங்கள்."

அனுப்பிவிட்டு நாற்பத்திரண்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. அகராதி தேநீர்க் கோப்பையை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார். முதல் தடவை பரவாயில்லை. இரண்டாம் தடவை நன்றாக வந்தது. மூன்றாம் தடவை அந்த எழுத்து கல் மாதிரி விழுந்தது. பதினோரு மாதம் ஆகியும் விருந்தாளி போகவில்லை. அகராதி தலையாட்டி மதிப்பெண் போடப் போனார். பதிவு முடியவில்லை. அனுப்பியவர் நிறுத்த மறந்துவிட்டிருந்தார்.

"இது போதுமா?" என்று கேட்டது அந்தக் குரல், தமிழில்.

"போதும்ண்ணே. விடு" என்றாள் ஒரு பெண்.

அந்தப் பெண் தன் மனைவி என்று அகராதிக்கு முதலில் புரிந்தது. அப்புறம்தான் மற்றது புரிந்தது.

அவர் மறுபடி போட்டுக் கேட்டார். இப்போது ஒவ்வொரு எழுத்திலும் மச்சான் இருந்தார். எப்படித் தெரியாமல் போயிற்று? சிரிக்காமல் பேசும் மச்சானின் குரலை அவர் அதுவரை கேட்டதே இல்லை, அதனால்தான். முகம் குப்பென்று சூடானது. காது, கழுத்து, நெஞ்சு என்று அந்தச் சூடு இறங்கியது. சுற்றித் தொங்கிய துண்டுகளுக்கு நடுவே யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருந்தும் அவருக்கு எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. ஒருவரைப் போ என்று சொல்வதே கேவலம். அதை அவர் வாயாலேயே மூன்று முறை சொல்லவைத்து, அழுத்தம் போதவில்லை என்று வேறு சொல்லியாயிற்று.

கதவைத் திறந்தார். மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எப்ப... எப்பலேருந்து படிக்கிறாரு?"

"அஞ்சு மாசமா. நிலையத்துக்கு வராம, ஃபோன் வழியாவே. பார்க்குல உக்காந்து சொல்லிச் சொல்லிப் பாப்பாரு. வீட்டுல சொன்னா உங்களுக்குக் கேட்டுடுமேன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க வீட்டு ஆளுன்னு தெரிஞ்சா சலுகை காட்டினதா உங்களைத்தான் பேசுவாங்கன்னு அண்ணன் பயந்தாரு. வேலை கிடைச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தாரு. வெளிநாட்டுல ஒரு பெரிய ஓட்டல்ல லிஃப்ட்டெல்லாம் மேற்பார்வை பாக்குற வேலைங்க. கை தூக்க வேண்டியதில்ல, பேசத் தெரிஞ்சா போதும்."

"அந்தத் தாளை... நீயும் பாத்தியா?"

"ஃபோன்ல இருக்குற பொடி எழுத்து அண்ணன் கண்ணுக்குத் தெரியறதில்ல. தமிழ் அர்த்தத்தை எப்பவும் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன்." அவள் குரல் உயரவே இல்லை. "திங்கட்கிழமையும் நான்தான் வாசிச்சேன். விருந்தாளி மூணு நாளைக்குன்னு வந்தாருன்னு வாசிச்சதும் அண்ணன் சிரிச்சாரு. யாரையோன்னு நினைச்சிட்டாரு. ரெண்டாவது வாக்கியத்துல எனக்கு வாய் நின்னுபோச்சு. படி, பரீட்சைக்கு வரும்னாரு. படிச்சேன். குளியலறைங்கிற வரைக்கும் படிச்சேன்."

அவள் அழுதிருந்தால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். சமாதானம் சொல்லப் போயிருப்பார், அதில் தன் பங்கு கொஞ்சம் கரைந்திருக்கும். அவள் அழவில்லை.

"நீ என்னைத் திட்டியிருக்கலாம்."

"திட்டினா நிறுத்திடுவீங்க. நினைக்கிறதை எப்படி நிறுத்துவீங்க?" என்றாள் அவள். "தண்ணி எடுத்துக்கட்டுமான்னு கேட்டப்ப, தாராளமான்னீங்களே, அப்பதான் எனக்குத் தாங்கல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அகராதி முன்னறைப் பக்கம் நாலைந்து முறை போனார், நாலைந்து முறையும் ஏதோ எடுக்க வந்ததுபோல ஒரு புத்தகத்தோடு திரும்பினார். பத்தொன்பது வருடமாக மன்னிப்பு என்ற சொல்லை எத்தனை விதமாகக் கேட்கலாம் என்று வகுப்பெடுத்தவர். மேலதிகாரியிடம், சக ஊழியரிடம், தெரியாமல் இடித்துவிட்ட வழிப்போக்கரிடம் என்று தனித்தனித் தாளே இருக்கிறது. ஒன்றும் உதவவில்லை. சாயங்காலம், ஐந்தாவது புத்தகத்தோடு, ஒருவழியாக உள்ளே போய் நின்றார்.

மச்சான் நாற்காலி நுனியிலிருந்து எழுந்தார். எழுந்து நின்றார் என்பதே அகராதியைக் குத்தியது.

"உக்காருங்க மச்சான். அந்தத் தாள்... அது நான் உங்களை வச்சுத்தான் எழுதினேன்."

"தெரியும் மாப்பிள்ளை."

"கோபத்துல எழுதிட்டேன். நான் எழுதினதுல அர்த்தமே இல்ல."

"ஏன் இல்லாம? தப்பா ஒண்ணும் எழுதலையே. பதினோரு மாசம், சரிதான். குளியலறையும் சரிதான்." மச்சான் சிரித்தார். பழைய சிரிப்பு இல்லை, கடைக்காரரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "உண்மையைச் சொல்லணும்னா, மத்த சொல்லெல்லாம் நாலு நாள்ல மறந்துடுது. இது மறக்கவே மாட்டேங்குது. நல்ல வாத்தியாருதான் நீங்க."

அகராதி கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "என்னை என்ன வேணும்னாலும் கேளுங்க மச்சான்" என்றார். ஏதாவது கேட்டுவிட மாட்டாரா என்று கெஞ்சுகிற குரல்தான் அது.

"ஒரே ஒரு உதவி இருக்கு" என்றார் மச்சான். "வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. தேர்வு எடுக்குறவருக்கும் எழுதுறவருக்கும் சொந்தம்னா வேற நிலையத்துக்கு மாத்திடுவாங்களாம். அதுக்கு ரெண்டு மாசம் ஆகும். ஓட்டல்காரங்க மூணு வாரத்துல வரச்சொல்றாங்க. அதனால வியாழக்கிழமை மட்டும் என்னைத் தெரியாத மாதிரி இருந்துடுங்க."

"அது எப்படி மச்சான்..."

"பத்து நிமிஷம்தானே மாப்பிள்ளை. இருந்துடலாம்."

அகராதி சரி என்றார். வேறென்ன சொல்வது? பிறகு, நீங்கள் போக வேண்டியதில்லை, இங்கேயே இருங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அந்த மனுஷனின் பிழைப்பைக் கெடுக்கிற பேச்சு. சொல்லாவிட்டால் போகட்டும் என்று விட்ட மாதிரி. இரண்டுக்கும் நடுவே நின்று, "ரெக்கார்டிங் இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

திங்கட்கிழமை ஒரு காரியம் செய்தார். போன வாரத் தாளில் தவறு நேர்ந்துவிட்டது, இதைப் படியுங்கள் என்று புது வாக்கியங்களோடு ஒரு தாளை அனுப்பினார். விருந்தாளி வந்தார். விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்தோம். விருந்தாளி மகிழ்ந்தார். எந்த மாதிரி வாக்கியத்தைப் பத்தொன்பது வருடமாகக் கேலி செய்தாரோ அதே மாதிரி. "சார், பழசுதான் சூப்பர்" என்று பதில் மேல் பதில் வந்தது. யாரோ அந்தப் பழைய மூன்று வாக்கியங்களையும் அழகாக அச்சடித்து நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்திருந்தார்கள். அகராதி அதைக் கிழித்தெடுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். மறுநாள் அதே வாக்கியங்களோடு வேறொரு தாள் அங்கே இருந்தது.

வியாழக்கிழமை தேர்வுக்கு வந்தவர்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அகராதி கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில், மேலே செவிலியர் பெண்ணின் குரல் கேட்டு நின்றுவிட்டார்.

"நினைச்சுப் பாருங்கண்ணே, ஒரு மனுஷன் பதினோரு மாசம் அடுத்தவங்க வீட்டுல கிடப்பானா? கொஞ்சமாவது வெட்கம் இருக்காது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் மச்சானின் குரல்.

"இருக்கும்மா. வெளிய தெரியாத மாதிரி வச்சுப்பான். அதான் சத்தமா சிரிச்சுக்கிட்டு இருப்பான்."

அவள் அதற்கும் சிரித்தாள். அகராதி கைப்பிடியைப் பற்றியபடி திருப்பத்திலேயே நின்றார். பதினோரு மாதமாகக் கூரையை அதிரவைத்த சிரிப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம் தொடங்கி நின்றது. யாரோ மேலேயிருந்து எட்டிப் பார்த்து "சார் வந்துட்டாரு" என்றார்கள், எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். மச்சானும் எழுந்து, சுவரோடு ஒட்டி நின்று, "வணக்கம் சார்" என்றார்.

தேர்வறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. அகராதிக்குப் பக்கத்தில் உதவி ஆசிரியை ஃபோனை நிமிர்த்தி வைத்திருந்தாள். வேலை கொடுக்கிறவர்களுக்கு அனுப்புவதற்காக ஒவ்வொரு தேர்வையும் பதிவு செய்வார்கள். கேள்விகள் பத்தும் அவர்களே அச்சடித்துக் கொடுத்தவை. ஒன்றைக்கூட மாற்றவோ விடவோ கூடாது.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டதும் மச்சான் உள்ளே வந்தார். அகராதியின் மனைவி தேய்த்துக் கொடுத்த சட்டை. இடது கையால் விண்ணப்பத்தை நீட்டினார். அகராதி வாங்கிப் பார்த்தார். தேர்வாளரோடு உறவு என்ற இடத்தில், இடது கையால் எழுதிப் பழகிய கோணல் எழுத்தில், இல்லை என்று இருந்தது. அதற்குக் கீழே தேர்வாளர் கையெழுத்துப் போட வேண்டிய கோடு.

அவர் பேனாவை எடுத்தார். அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதிவிடலாம். என் மனைவியின் அண்ணன், என் வீட்டில் இருக்கிறார் என்று. அதை எழுத வேண்டிய நாளெல்லாம் போய், எழுதவே கூடாத நாளில் அவர் கை துடித்தது. நிமிர்ந்தார். மச்சான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைக்கவில்லை, கண்ணைச் சிமிட்டவில்லை, ஆனால் வேண்டாம் என்று சொன்னார். உதவி ஆசிரியை, "கையெழுத்து அங்கதான் சார், கீழ" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

அகராதி கையெழுத்துப் போட்டார்.

கேள்விகள் தொடங்கின. என்ன வேலை தெரியும்? எத்தனை வருட அனுபவம்? லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களிடம் முதலில் என்ன சொல்வீர்கள்? மச்சான் நிதானமாகப் பதில் சொன்னார். பயப்படாதீர்கள், நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்வேன் என்றார், அரபில். வீட்டில் அவர் பேசிக் கேட்காத அமைதியான பேச்சு. பார்க் பெஞ்சில் ஐந்து மாதம் உட்கார்ந்து தானாகச் செதுக்கிய பேச்சு. உதவி ஆசிரியை அகராதியைப் பார்த்து, பார்த்தீர்களா என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினாள்.

ஏழாவது கேள்வி அட்டையில் இருந்தது. அகராதி அதை மனதுக்குள் இரண்டு முறை வாசித்தார். ஒவ்வொரு வருடமும் நூறு பேரிடம் கேட்கிற கேள்விதான். உதவி ஆசிரியை ஃபோனிலிருந்து பார்வையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவர் கேட்டார்.

வேலையிடத்தில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?

மற்றவர்கள் இதற்குத் திணறுவதில்லை. மனைவிக்கு, அப்பாவுக்கு, தம்பிக்கு என்று பெயரும் எண்ணும் சொல்வார்கள், எண்ணைச் சொல்லும்போதுதான் தடுமாறுவார்கள். மச்சான் முதல் தடவையாக யோசித்தார். தங்கை என்று சொன்னால் அவள் பெயரை எழுத வேண்டும், வீட்டு விலாசம் வரும், அந்த விலாசம் யாருடையது என்று தெரிந்துவிடும். அகராதி மேசைக்கு அடியில் கையைப் பிசைந்தார். என் பெயரைச் சொல்லுங்கள் என்று கத்திவிட்டால் என்ன? ஃபோன் பதிவு செய்துகொண்டிருந்தது.

"லா அஹத்" என்றார் மச்சான். ஒருவருமில்லை.

விதிப்படி, பதில் குறைவாக இருந்தால் ஒருமுறை திருப்பிக் கேட்கலாம். அகராதி கேட்டார். அவர் குரல் கேள்விமாதிரியே இல்லை. நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், யாருமே இல்லையா?

மச்சான் அவர் முகத்தைப் பார்த்து, இந்தமுறை தயங்காமல், மரியாதையாக, முழு வாக்கியமாகச் சொன்னார். எனக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்கள் ஒருவருமில்லை, ஐயா.

'அஹத்' என்ற சொல்லில் தொண்டையின் ஆழத்திலிருந்து வர வேண்டிய எழுத்து ஆழத்திலிருந்தே வந்தது. எங்கும் பிழையில்லை. அகராதி ஏழாவது கேள்விக்கு நேராக முழு மதிப்பெண் போட்டார்.